எதையும் தொடாத பல்

கண்ணா,

நீயும் நித்யாவும் குட்டியும் விமானம் ஏறிப் பதினாறு நாள் ஆகிறது. அங்கே இப்போது என்ன மணி என்று விரல் விட்டு எண்ணுவதற்குள் எனக்குக் குழம்பிவிடுகிறது என்று, உன் அப்பா ஹாலில் இருக்கும் கடிகாரத்துக்குப் பக்கத்திலேயே இன்னொன்று வாங்கி மாட்டி அதில் ஜெர்மனி நேரத்தை வைத்திருக்கிறார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பாயைப் போட்டுப் படுத்தால், இரண்டும் ஒன்றோடு ஒன்று சேராமல் தட்டிக்கொண்டே இருக்கின்றன. மாடம்பாக்கத்து வெயில் ஜன்னல் திரையில் மஞ்சளாகத் தங்கி நிற்கிறது. பாதித் தூக்கத்தில் நீ ஸ்கூல் பையைக் கழற்றிப் போடுகிற சத்தம் கேட்கிறது. சில நாள் குட்டி சிணுங்குவது கேட்கிறது. இது எந்த வருஷம், யாருக்கு இப்போது சாப்பாடு போட வேண்டும் என்று ஒரு நிமிடம் எதுவும் விளங்குவதில்லை. எழுந்து உட்கார்ந்து நாக்கால் முன்பல்லைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். இருக்கிறது. நாக்கால் நோண்டக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னது அப்புறம்தான் ஞாபகம் வருகிறது.

அந்தப் பல்லைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். எனக்கு மட்டும் போனில் அனுப்பாமல் நாலு பேர் படிக்கும்படி ஏன் எழுதுகிறாய் என்று நீ கேட்பாய். உன் மேல் நான் போட்ட பழியை நாலு பேர் நடுவில்தான் போட்டேன். தெருவில், கல்யாண வீடுகளில், உன் ஸ்கூல் வாசலில், சிரித்துச் சிரித்துச் சொன்னேன். அதை எடுப்பதும் நாலு பேர் நடுவில்தான் இருக்க வேண்டும். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் முன்பல் உன் தலை இடித்து உடையவில்லை. உன் தலை என் பல்லில் ஒருநாளும் இடித்ததே இல்லை. இருபத்தெட்டு வருஷமாக நான் சொல்லி வந்தது பொய். உண்மையில் அது எப்படி உடைந்தது என்று தெரிந்த பிறகு நீ என்னோடு பழையபடி பேசுவாயா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பயத்திலேயே இத்தனை வருஷம் ஓடிவிட்டது.

நீங்கள் கிளம்ப மூன்று வாரம் இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை, உடைந்த அந்தப் பல்லின் மேல் உறை மாதிரி மாட்டியிருந்த பழைய கேப் கழன்று, அதோடு என் சொந்தப் பல்லில் ஒரு துண்டும் சேர்ந்து தட்டில் விழுந்தது. முறுக்கு கடித்திருந்தாலாவது கௌரவமாக இருந்திருக்கும். "இட்லியில பல் உடைஞ்ச ஒரே ஆள் நீதாம்மா" என்று நீ விழுந்து விழுந்து சிரித்தாய். சிரித்து முடித்ததும் உன் முகம் மாறியதை நான் கவனிக்காமல் இல்லை. மறுநாள் காலையிலேயே குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டின் மேல், செருப்புக் கடை மாடியில் இருக்கும் அந்தக் கிளினிக்கில் கொண்டுபோய் உட்கார வைத்தாய். டாக்டரம்மாவுக்கு உன் வயதுதான் இருக்கும். வேர் நெடுக விரிசல் விட்டிருக்கிறது, இனி அந்தப் பல் தேறாது என்றார். பல்லை எடுத்து, புண் ஆறி, எலும்பு தேறும்வரை காத்திருந்து, இம்ப்ளான்ட் என்று சொல்லும் திருகை எலும்புக்குள் வைத்து, அது பிடிக்க மறுபடி சில மாதம் காத்திருந்து, கடைசியில்தான் பல் வைப்பது வழக்கம் என்று பொறுமையாகச் சொன்னார்.

"எங்களுக்கு அவ்ளோ டைம் இல்ல டாக்டர். அம்மாவை இப்படி ஓட்டையோட ஏர்போர்ட்ல நிக்க வெச்சுட்டு என்னால போக முடியாது" என்றாய். "எனக்கென்ன, பொண்ணு பார்க்கவா வரப் போறாங்க? பல் இல்லாட்டி போகட்டும்" என்று நான் சொன்னதற்கு என்னை முறைத்தாய். டாக்டரம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஒரே நாள்ல பண்ணிப் பார்க்கலாம். பல்லை எடுக்கற அன்னைக்கே இம்ப்ளான்ட், அன்னைக்கே மேல டெம்பரரி பல். ஆனா எலும்பு ஒத்துழைக்கணும். அம்மாவும் ஒத்துழைக்கணும்" என்றார். அம்மா ஒத்துழைப்பாள் என்று நீ என்னைக் கேட்காமலே வாக்குக் கொடுத்துவிட்டாய்.

அந்தக் கேப்பை முதல் தடவை போட்டபோது, பிசைந்த மாவு மாதிரி ஒன்றைத் தட்டோடு வாயில் அமுக்கி எனக்கு மூச்சு முட்ட வைத்தார்கள். இந்தத் தடவை மாவும் இல்லை, தட்டும் இல்லை. டாக்டரம்மா ஒரு சின்னக் கேமராவைப் பேனா பிடிப்பது போல் பிடித்து என் பல் வரிசை மேல் மெதுவாக ஓட்ட, எதிரே திரையில் என் வாய் கொஞ்சம் கொஞ்சமாக முளைத்து வந்தது. அப்புறம் ஒரு மெஷினில் தாடையை வைத்து அசையாமல் நிற்கச் சொன்னார்கள். அது என் தலையைச் சுற்றி ஒரு பிரதட்சிணம் வந்தது. அதில் கிடைத்த படத்தில் என் எலும்பெல்லாம் சாம்பல் நிறத்தில் மேடும் பள்ளமுமாக, யாரும் போகாத ஏதோ ஓர் இடம் மாதிரி இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருக்கலாம் போல இருந்தது எனக்கு. நீ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு டாக்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாய். கார் கம்பெனியில் நாள் முழுக்க இதே மாதிரி திரையில்தானே வரைந்துகொண்டிருந்தாய். வரப்போகிற பல்லை முதலில் வரைந்தீர்கள். அந்தப் பல்லுக்குத் தோதாகத் திருகு எலும்பில் எந்த இடத்தில், எந்தச் சாய்வில் நிற்க வேண்டும் என்று பின்னால் முடிவு செய்தீர்கள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. என் தலை என்னைவிட்டுத் தனியாகத் திரையில் சுற்றிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அவர் கேட்டார். "ஃபர்ஸ்ட் இந்தப் பல் எப்படி உடைஞ்சதும்மா?" நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். "என்னாலதான் டாக்டர். எனக்கு அப்போ நாலரை வயசு. அம்மா குனிஞ்சு எனக்கு ஷூ லேஸ் கட்டிட்டிருந்தாங்க. நான் துள்ளிக் குதிச்சேன். என் மண்டை நேரா அவங்க வாயில. டக்குனு ஒரு சத்தம். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு." டாக்டரம்மா சிரித்துவிட்டு எதையோ குறித்துக்கொண்டார். ஷூ லேஸ் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை, கண்ணா. உனக்கு அப்போது லேஸ் வைத்த ஷூவே கிடையாது, ரப்பர் செருப்புதான். நான் சொன்னதெல்லாம் "இவன் தலை இடிச்சுடுச்சு" என்ற மூன்று வார்த்தைதான். மீதியை நீயாகவே கட்டியிருக்கிறாய். நடக்காத ஒன்றுக்கு ஷூ வாங்கி, லேஸ் மாட்டி, சத்தம் வைத்து, அதை இத்தனை வருஷம் பத்திரமாகக் காப்பாற்றி வைத்திருக்கிறாய்.

நீ அதைச் சுமந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது என்று சொன்னால் அது இன்னொரு பொய். நீ சின்னப் பையனாக இருந்தபோது மற்றப் பிள்ளைகளைப் போல ஓடி வந்து என் மேல் விழமாட்டாய். கிட்டே வந்ததும் நின்று, தலையைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு, அப்புறம்தான் கட்டிக்கொள்வாய். உனக்கு முதல் பால்பல் விழுந்தபோது, எல்லாப் பிள்ளைகளும் போடுவது போல் அதைக் கூரை மேல் தூக்கிப் போடச் சொன்னார் அப்பா. நீ போடவில்லை. உள்ளங்கையில் மூடி எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்து, "இதை நீ ஒட்டிக்கோம்மா" என்று என் கையில் வைத்தாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அன்றைக்காவது உன்னைத் தூக்கி மடியில் வைத்து, நீ இல்லைடா என்று சொல்லியிருக்கலாம். அரை நிமிட வேலை. சொல்லவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த தப்புகளை வரிசையாக நிற்க வைத்தால் எனக்கு முதலில் கண்ணில் படுவது அந்தச் சிரிப்புதான்.

பல் எடுத்த நாளுக்கு வருகிறேன். பயம் தெரியாமல் இருக்க ஒரு மாத்திரை கொடுத்திருந்தார்கள். ஊசி போட்டதும் மேலுதடு எனக்குச் சொந்தமில்லாத ஒன்றாகிவிட்டது. கண் மூடியும் மூடாமலும் கிடந்தேன். கீழே ரோட்டில் பஸ்கள் ஹாரன் அடிப்பது தண்ணீருக்கு அடியில் இருந்து கேட்பது போல் இருந்தது. என் வாய்க்கென்றே அச்சடித்து வந்திருந்த ஒரு பிளாஸ்டிக் அச்சை டாக்டரம்மா எடுத்துக் காட்டினார். பக்கத்துப் பற்கள் மேல் கச்சிதமாக உட்காருகிற மாதிரி, நடுவில் ஒரு உலோக வளையம். அந்த வளையத்துக்குள் விட்டுத்தான் எலும்பைத் துளைப்பார்களாம், இம்மியும் விலகாதாம். கதவருகே நின்றிருந்த அப்பா தாங்க முடியாமல் உள்ளே வந்துவிட்டார். "அட, இது டிரில் ஜிக்டா! புஷ்ஷுகூடப் போட்டிருக்காங்க பாரு. மறைமலை நகர்ல நான் முப்பது வருஷம் இதைத்தானேடா பண்ணேன்!" என்று உன் தோளைத் தட்டினார். ஃபேக்டரியில் இரும்பைக் கோணாமல் துளைக்க மேலே வைக்கும் அச்சாம் அது. ரிடையர் ஆன பிறகு அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. பெண்டாட்டி வாயைத் துளைக்கப் போகிறார்கள் என்பதே அவருக்கு மறந்துவிட்டது.

பழைய பல்லை எலும்பு நோகாமல் எடுத்து, அந்தக் குழியிலேயே வழி பண்ணி, திருகை இறக்கினார்கள். எனக்கு வலி இல்லை, ஓர் அதிர்வு மட்டும் தலைக்குள் போய் வந்தது. திருகைக் கடைசியாக முறுக்க ஒரு சின்னக் கருவியை எடுத்தபோது டாக்டரம்மா, "நான் சொன்ன இறுக்கம் வந்தாதான் இன்னைக்கே மேல பல் வெக்க முடியும். வரலைன்னா மூடிட்டுக் காத்திருக்கணும்" என்றார். "டார்க் ரெஞ்ச்" என்று அப்பா உன் காதில் கிசுகிசுத்தது எனக்கும் கேட்டது. டாக்டரம்மா நிமிர்ந்து, "வந்துடுச்சு" என்றார். சுற்றி இருந்த சந்தில் எலும்புத் தூள் வைத்தார்கள். முன்னாலேயே செய்து வைத்திருந்த பல்லைப் பொருத்தினார்கள். நீலத் தாள் ஒன்றைப் பல் நடுவில் வைத்து, "மெதுவா தட்டுங்கம்மா, தட் தட்" என்று சொல்லி, நீலம் ஒட்டுகிற இடத்தையெல்லாம் தேய்த்தார்கள். நீலம் ஒட்டாமல் போகும்வரை விடவில்லை. "இந்தப் பல் பார்வைக்கு மட்டும்தான். கீழ்ப் பல் எதையும் இது தொடக் கூடாது. எலும்பு இதைப் பிடிச்சுக்க மூணு நாலு மாசம் ஆகும், அதுவரைக்கும் இதுக்கு ஒரு வேலையும் குடுக்காதீங்க, இதால எதையும் கடிக்காதீங்க" என்றார்.

கண்ணாடியைக் காட்டினார்கள். எனக்கு முன்னால் ஒரு பெண் முழுப் பல்லோடு இருந்தாள். அவளை எனக்கு எங்கோ பார்த்த ஞாபகம். நீ என் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாய்: "இப்பவாவது சரி பண்ணிட்டேன்மா." என் வாய் முழுக்கப் பஞ்சு. உதடும் நாக்கும் என் பேச்சைக் கேட்கவில்லை. தலையை ஆட்டினேன். இல்லை, இல்லை என்றுதான் ஆட்டினேன். நீ அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டாய். மரத்துப் போனது தெளிய மூன்று மணி நேரம் ஆயிற்று. தெளிந்த பிறகும் நான் சொல்லவில்லை. அதற்கு ஊசியைக் குற்றம் சொல்ல முடியாது.

ஒருவேளை சொல்லாமலே விட்டிருப்பேன். ஏர்போர்ட்டில் குட்டி நித்யாவின் இடுப்பில் உட்கார்ந்து துள்ளியது. நீ அதன் தலையைக் கையால் பிடித்துக்கொண்டு, "அம்மா பல்லுல இடிச்சுடாதே செல்லம், அப்பா இப்படித்தான் பாட்டி பல்லை உடைச்சுட்டேன்" என்றாய். இரண்டு வயதுக் குழந்தை உன்னைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, துள்ளுவதை நிறுத்திவிட்டது. நீங்கள் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே போனீர்கள். நான் புதுப் பல்லோடு கையை ஆட்டிச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். அப்போது நாம் மேற்குத் தாம்பரத்தில் ஒரு வீட்டின் பின்பக்கப் போர்ஷனில் குடியிருந்தோம். அப்பாவுக்கு மாறி மாறி ஷிஃப்ட். எனக்கு இருபத்தெட்டு வயது. என்ன குறை என்று கேட்டால் அன்றைக்கும் சொல்லத் தெரிந்திருக்காது, இன்றைக்கும் தெரியவில்லை. அடி இல்லை, திட்டு இல்லை, பசி இல்லை. நீ தூங்க மாட்டாய். நான் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே உட்கார்ந்து தட்டிக்கொண்டே இருப்பாய். ஒரு காபியைச் சூடு ஆறுவதற்குள் குடித்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. பொட்டு வைக்கும்போது கண்ணாடிக்குள் யாரோ ஒருத்தி நின்று பொட்டு வைத்துக்கொள்வாள். உன்னைத் தூக்கி வைத்திருக்கும்போதே நான் அங்கே இல்லாதது மாதிரி இருக்கும். இந்தக் காலத்தில் அதற்கு ஒரு பெயரும் மாத்திரையும் இருக்கும். எனக்கு ரயில் சத்தம்தான் இருந்தது. நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

மழை விட்டு வெயில் அடித்த ஒரு வியாழக்கிழமை. அப்பா காலை ஷிஃப்ட்டுக்குப் போயிருந்தார். எதிர் வீட்டு அக்காவிடம் உன்னை விட்டுவிட்டு, "ரேஷன் கடைக்குப் போயிட்டு வந்துடறேன்க்கா" என்றேன். ரேஷன் பையில் இரண்டு புடவை வைத்திருந்தேன். ஸ்டேஷன் கவுன்டரில் எனக்கு முன்னால் நின்றவர் விழுப்புரம் என்றார். நானும் விழுப்புரம் என்றேன். விழுப்புரத்தில் எனக்கு ஒருத்தரையும் தெரியாது. நடைமேம்பாலத்தின் மேல் போய் நின்றேன். கீழே தண்டவாளமெல்லாம் ஈரத்தில் மின்னிக்கொண்டிருந்தது. காற்று முந்தானையைத் தூக்கியது. என்னை யாரும் கூப்பிடவில்லை. உடம்பில் எடையே இல்லை. அந்த நிம்மதியை உன்னிடம் மறைக்க மாட்டேன், கண்ணா. அதைப் போன்ற ஒரு காலை நேரம் அதற்கு முன்னாலும் எனக்கு வாய்த்ததில்லை, பின்னாலும் வாய்த்ததில்லை.

ரயில் வந்துவிட்டது. படியில் ஓடினேன். ஈரப் படி, செருப்பு வார் அறுந்தது. கடைசிக்கு முந்தின படியின் விளிம்பில் முகம் போய் மோதியது. நீ சொன்ன அந்த டக் சத்தம் நிஜமாகவே கேட்டது, ஆனால் கேட்டது நான். படிக்குக் கீழே கொய்யாக்காய் விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மா என்னைத் தூக்கி உட்கார வைத்தார். "இன்னாம்மா இப்டி உழுந்துட்ட? வாயெல்லாம் ரத்தம் வந்துகினு கீது. தனியாவா வந்தே? வூட்ல யாரு கீறாங்க?"

"பையன்."

"எம்மாம் பெரிய பையன்?"

"நாலரை வயசு."

அவர் என் பையைப் பார்த்தார், புடவைத் தலைப்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. என் கையில் தண்ணீர் ஊற்றினார். ரயில் அப்போதும் நின்றுகொண்டிருந்தது. நான் ஏறவில்லை. உன்னை நினைத்து ஏறவில்லை என்று எழுத எனக்கு எவ்வளவோ ஆசை. அது உண்மை இல்லை. வலித்தது. உடைந்த வாயோடு தெரியாத ஊரில் போய் இறங்க வெட்கமாக இருந்தது. விழாமல் இருந்திருந்தால் ஏறியிருப்பேன். மறுநாள் திரும்பியிருப்பேனா, மறுவாரமா, திரும்பியே இருக்க மாட்டேனா, எனக்குத் தெரியாது. ரயில் போவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நடந்தேன். அக்காவிடம் தலைவலி என்று ஜாடை காட்டி உன்னை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

நாலரை மணிக்கு அப்பா வந்தார். "வாயில என்ன?" என்று பதறினார். நீ என் மடியில் உட்கார்ந்திருந்தாய். வேறு எதுவும் வாயில் வரவில்லை. "இவன் தலை இடிச்சுடுச்சு" என்றேன். நீ நிமிர்ந்து என்னைப் பார்த்து, "நானா?" என்றாய். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்துவிட்டு, "வலிக்குதாம்மா?" என்று கேட்டாய். அம்மா சொன்னால் அது நடந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்று உனக்கு.

நீங்கள் போன மூன்றாம் நாள் இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். இரண்டு கடிகாரத்துக்கும் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆச்சரியப்படவில்லை. "தெரியும். அந்தச் சனிக்கிழமை ரேஷனுக்குப் போனேன் இல்ல, பையோட அடியில டிக்கெட் இருந்துச்சு. விழுப்புரம்" என்றார். ஏன் என்னைக் கேட்கவில்லை என்றேன். "கேட்டா நீ சொல்லிடுவியோன்னு பயமா இருந்துச்சு" என்றார். சரி, பையனை ஏன் அப்படியே நினைக்க விட்டீர்கள் என்றேன். "சின்னப் பையன், மறந்துடுவான்னு நெனச்சேன்" என்றார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு டிக்கெட்டைப் பார்த்த அந்த மாதமே அவர் சூப்பர்வைசரிடம் மன்றாடி ஜெனரல் ஷிஃப்ட்டுக்கு மாறினார். ஞாயிற்றுக்கிழமை காலையானால் உன்னைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு இதோ இந்த மாடம்பாக்கத்துக் கோயிலுக்கு வந்துவிடுவார், மத்தியானம்தான் திரும்புவீர்கள். விபூதியை ஒழுங்காகப் பூசத் தெரியாத மனிதருக்குத் திடீரென்று இவ்வளவு பக்தியா என்று நான் கேலி செய்வேன். அவர் எனக்கு அந்த அரை நாளைக் கொடுத்துக்கொண்டிருந்தார் என்று இருபத்தெட்டு வருஷம் கழித்து இப்போதுதான் புரிகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வீட்டில் தனியாக உட்கார்ந்து காபியைச் சூடாகக் குடித்தேன். பதினொரு மணிக்கு மேல் வாசலைப் பார்க்க ஆரம்பித்தேன். உன் மேல் எனக்கு ஆசை வந்தது அப்படித்தான், மெதுவாக, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையாக.

உனக்கு அறிவுரை சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதோ இல்லையோ, ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. போன வாரம் வீடியோ காலில் நித்யா, "இவர் காலைல போனா இருட்டினப்புறம்தான் அத்தை வராரு, நானும் குட்டியும்தான், ஜாலியா இருக்கோம்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும், கண்ணா. நான் அதை வருஷக்கணக்கில் சிரித்திருக்கிறேன். வேலையை விட்டுவிட்டு, மொழி தெரியாத ஊரில், நாலு சுவருக்குள் ஒரு குழந்தையோடு இருக்கிறாள். வாரத்தில் ஒரு நாள் குட்டியைத் தூக்கிக்கொண்டு நீ வெளியே போ. பூங்காவோ கடையோ எதுவோ, மத்தியானம்வரை திரும்பாதே. அதை மட்டும் அப்பாவிடம் கற்றுக்கொள். அவரைப் போல வாயை மூடிக்கொண்டு செய்யாதே. உனக்கு எப்படி இருக்கு என்று அவளைக் கேள். அவள் சொல்வது உனக்குப் பிடிக்காமல் போகலாம், பயமாகக்கூட இருக்கலாம். உட்கார்ந்து கேள். ஒருநாள் அவள் கதவைத் திறந்துகொண்டு எங்காவது போய்விட்டு வந்தால், எங்கே போனாய் என்பதற்கு முன்னால் சாப்பிட்டாயா என்று கேள். அவள் போனதற்குக் காரணம் நீயும் இல்லை, குட்டியும் இல்லை என்று தெரிந்துகொள். குட்டியிடம் இனி அந்தக் கதையைச் சொல்லாதே. ஏர்போர்ட்டில் சொன்னதையும் திருத்திவிடு. அது துள்ளட்டும்.

கோபம் வந்தால் வரட்டும். சின்னப் பிள்ளையை விட்டுவிட்டுப் போகப் பார்த்தாயே என்று நீ கேட்கலாம், கேட்க வேண்டும். கொஞ்ச நாள் போன் பண்ணாமல் இருந்தாலும் தாங்கிக்கொள்வேன். ஆனால் எனக்கு ஏதோ செய்துவிட்டதாகவும், அதை இப்போது சரி பண்ணிவிட்டதாகவும் நினைத்துக்கொண்டு நீ அங்கே நடமாடுவதை என்னால் தாங்க முடியாது. நீ சரி பண்ண எதுவுமே இருக்கவில்லை. அன்றைக்கு நான் உன்னை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது எதிர் வீட்டு அக்கா ஒன்று சொன்னார். நான் போன கொஞ்ச நேரத்தில் நீ விளையாடிக் களைத்து அவர் வீட்டுப் பாயில் குப்புற விழுந்து, வாயைத் திறந்துகொண்டு, அசையாமல் கிடந்தாயாம். உன்னைப் பகலில் தூங்க வைக்க நான் எத்தனை மாதம் பாடுபட்டிருப்பேன். என் பல் உடைந்த நேரத்தில் நீ தூங்கிக்கொண்டிருந்தாய், கண்ணா.

உன் அம்மா